பிரம்மசக்தி பிடித்த கை

ஆற்றோரத்துக் கல்லூரியில் தத்துவமும் சமயமும் என்று ஒரு துறை இருந்தது. அதற்கென்று ஒரு கட்டடம் இருந்தது, கட்டடத்துக்கு முன்னால் ஒரு வேப்பமரம் இருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை. வணிகவியலில் இடம் கிடைக்காதவர்கள், கணினியில் இடம் கிடைக்காதவர்கள், இடம் கிடைத்தும் கடைசி நாளைக் கோட்டை விட்டவர்கள் என்று கரை ஒதுங்கிய பிள்ளைகளையெல்லாம் கூட்டிவைத்துத்தான் துறைத்தலைவர் கோமதிநாயகம் வருஷத்துக்கு வருஷம் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஒதுங்கியவள்தான் பிரம்மசக்தி. பீடி சுற்றும் மாடத்தியின் ஒரே மகள். பெயருக்கு ஏற்ற படிப்புதான் கிடைத்திருக்கிறது என்று தெருவில் கேலி பேசினார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்வந்துகொண்டிருந்தாள்.

அந்த ஆடி மாசம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எந்தப் படிப்பானாலும் இனி ஏட்டோடு நிற்கக் கூடாது, பிள்ளைகள் களத்துக்குப் போய்க் கையால் செய்து பழக வேண்டும் என்றது அது. வேதியியல் பிள்ளைகள் உர ஆலைக்குப் போனார்கள், வணிகவியல் பிள்ளைகள் ஆடிட்டர் ஆபீசுக்குப் போனார்கள், விலங்கியல் பிள்ளைகள் கோழிப்பண்ணைக்குப் போனார்கள். தத்துவத்தைக் கையால் செய்யும் இடம் எங்கே இருக்கிறது என்று கோமதிநாயகம் வேப்பமரத்தடியில் நின்று வெகுநேரம் யோசித்தார். பெரிய கோயிலில் கேட்டதற்கு, திருவிழா வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டுமானால் வரட்டும் என்றார்கள். மாதா கோயிலில் கேட்டதற்கு, தேர் இழுக்க ஆள் குறைகிறது என்றார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே, இனி மருந்தில்லை என்று ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களை வைத்துப் பார்க்கிற கருணை இல்லத்தில்தான், தாராளமாக வரட்டும், இங்கே ஆளே இல்லை என்றார்கள்.

அனுப்புவதற்கு முன்னால் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து பயிற்சி கொடுத்தார். ஆறுதல் சொல்லத் தெரியாது என்றால் ரொம்ப நல்லது, எதுவும் சொல்ல வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றார். ஒரே ஒரு விதி உண்டு, நீங்களாகக் கையை எடுக்கக் கூடாது, அவர்களாக விடுகிறவரைக்கும் இருக்க வேண்டும் என்றார். கடவுள் உண்டா என்று கேட்பவர்கள், இந்த மேஜை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்பவர்கள் அந்தப் பிள்ளைகள், நோயாளி கையை விடாவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் கேட்கவில்லை. குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

கருணை இல்லத்தின் ஜன்னலோரக் கட்டிலில் சேர்மதுரை கிடந்தார். சுற்றுவட்டாரத்துக் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர்தான், சேர்மதுரை சவுண்ட் சர்வீஸ் என்றால் தெரியாத ஆள் கிடையாது. வயிற்றில் வந்த நோய் ஆளைப் பாதியாக்கியிருந்தது. இன்றைக்குப் பொழுது தாண்டாது என்று, அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ரெஜினா சிஸ்டர் சொல்லியிருந்தார். கால்மாட்டில் அவர் மனைவி தங்கபுஷ்பம் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷனுக்குக் கால் பிடிப்பார்கள், சோறு ஊட்டுவார்கள், உடம்பு துடைத்துவிடுவார்கள், ஆனால் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். கல்யாணத்தில் பெரியவர்கள் பிடித்துக் கொடுத்தபோது தங்கபுஷ்பம் பிடித்த கை அது, அதோடு சரி. ஆகையால் கை சும்மா கிடந்தது, பிரம்மசக்தி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைத் தன் வலது கையில் வாங்கிக்கொண்டாள்.

வாங்கியதும் அவள் கை நடுங்கியது. சாகப்போகிற ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் அப்பா கேரளாவில் கான்கிரீட் வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்து செத்தார், வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சின்னப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்று அடுத்த வீட்டில் உட்காரவைத்து டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டார்கள். சாவு என்றால் அவளுக்கு அந்தச் சத்தம்தான். சேர்மதுரை கண்ணைத் திறந்து அவளை ஒரு தடவை பார்த்தார், மூடிக்கொண்டார், கை கையிலேயே இருந்தது.

பொழுது சாய்ந்தது, அவர் சாகவில்லை. வாசலில் கல்லூரி பஸ் வந்து ஹாரன் அடித்தது. பிரம்மசக்தி விதியை மீறத் தெரியாமல் விழித்தாள், ரெஜினா சிஸ்டர்தான் வந்து பிடியை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டார். எடுத்ததும் சேர்மதுரையின் மூச்சு நின்றது. நெஞ்சு அசையவில்லை, தங்கபுஷ்பம் அலறினாள், பயந்துபோன பிரம்மசக்தி கையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள், நின்றுபோன ஜெனரேட்டர் கயிற்றை இழுத்ததும் பற்றிக்கொள்கிற மாதிரி மூச்சு இரண்டு தரம் இருமிவிட்டுத் திரும்ப ஓடத் தொடங்கியது. டாக்டர் வந்தபிறகு இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார்கள், இன்னொரு தடவை நின்றது, வைத்ததும் வந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேளைக்கு வேளை கொடுக்கிற வலி மருந்தோடு சேர்த்து, கையை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸும் போய்விட்டது.

அதற்கப்புறம் யாரும் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். அவர் கட்டிலோடு ஒட்டி இன்னொரு கட்டிலைப் போட்டார்கள், ஓட்டுச் சட்டத்தில் கொக்கி அடித்துப் பழைய சேலையைத் திரையாகக் கட்டினார்கள், திரைக்குள்ளேயே பேசின் வைத்தார்கள். அவள் குளிப்பதும் மற்றதும் அதற்குள்தான், அந்த நேரத்துக்கு அவர் முகத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள். மாடத்தி பீடித்தட்டோடு வந்து சேர்ந்தாள். இந்த இடத்தில் புகையிலையா என்று ரெஜினா சிஸ்டர் சத்தம் போட்டபிறகு தட்டை வராந்தாவுக்குக் கொண்டுபோனாள்.

"ஏட்டி, எந்திச்சு வா," என்றாள் மகளிடம், முதல் நாளே.

"வந்தா இவுக செத்துருவாவம்மா."

"சாவத்தானட்டி இங்க கொண்டாந்து போட்டிருக்காவ?"

கால்மாட்டில் இருந்த தங்கபுஷ்பம் இதைக் கேட்டாள். கால் பிடிப்பதை நிறுத்தவில்லை. மாடத்திக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டினாள், இன்னொரு கிண்ணத்தில் கரைத்த கஞ்சியைத் தங்கபுஷ்பத்திடம் நீட்டினாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே அடுப்பில் பொங்கினார்கள்.

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது, கை கையிலேயே இருந்தது. ஆவணியில் ஊரெல்லாம் சேதி பரவி, வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வரத் தொடங்கினார்கள். வாசலில் ஒரு டீக்கடை முளைத்தது, ஆட்டோக்காரர்கள் கைப்பிள்ளை ஸ்டாப் என்று பெயர் வைத்தார்கள். சிலர் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், அவள் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். உயிரைப் பிடித்து வைத்திருக்கிற பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் புளியந்தோப்புப் பக்கமிருந்து ஒருவர், இழுத்துக்கொண்டு கிடக்கிற தகப்பனாரை ஆட்டோவிலேயே வைத்துக் கொண்டுவந்து, நியாயமான குரலில் கேட்டார்.

"தாயி, இடது கை சும்மாதான இருக்கு?"

இது பெரிய பிரச்சினையாகிவிட்டது. கோமதிநாயகம் இரண்டாம் ஆண்டு வகுப்பையே கட்டிலைச் சுற்றி நடத்திக்கொண்டிருந்த சமயம் அது. கையை விடுவது கொலை என்றால் பிடிப்பது உயிர்கொடுப்பதா என்று ஒரு கட்சி கேட்டது. உயிர்கொடுக்க முடிந்தவள் ஒருவருக்கு மட்டும் கொடுப்பது எந்த அறம் என்று இன்னொரு கட்சி கேட்டது. வினைப்பயனில் நாம் குறுக்கே கை நீட்டலாமா என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். நோயாளிகள் தலையைத் திருப்பித் திருப்பி இரண்டு கட்சியையும் கேட்டார்கள், அவர்களுக்கும் பொழுது போயிற்று. கடைசியில் கோமதிநாயகம், இடது கை பயிற்சித் திட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொன்னார். புளியந்தோப்புக்காரர் தகப்பனாரைத் திருப்பிக் கொண்டுபோனார், ஊர் எல்லையைத் தாண்டுமுன் பெரியவர் அடங்கிவிட்டார் என்று மறுநாள் சொன்னார்கள். பிரம்மசக்தி அன்று முழுக்கத் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள்.

பத்திரிகையில் படம் வந்தது. தத்துவத் துறைக்கு அடுத்த வருஷ இடம் கேட்டு இப்போதே ஆள் வந்தார்கள், வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டார்கள். கோமதிநாயகம் கெட்டவர் அல்ல. தினமும் பஸ் ஏறுவதற்கு முன் அவள் பக்கத்தில் வந்து எதையோ சொல்ல நிற்பார், சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டுப் போவார்.

"சார், நான் எப்ப சார் கையை எடுக்கலாம்?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"நூல்கள்ல இருக்கும்மா. பாத்துச் சொல்லுதேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார், ராத்திரி முழுக்கப் பார்த்தும் இருப்பார். அடுத்து வந்த நாட்களில் அவர் வகுப்பை வராந்தாவில் வைத்துக்கொண்டார், உள்ளே வரவில்லை.

உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஆசை பாக்கியிருக்கிறது என்றுதான் அந்தப் பக்கத்தில் எண்ணுவார்கள். சேர்மதுரைக்கு நிலம் கிடையாது, ஆகையால் வயல் மண்ணுக்குப் பதில் கடைவாசல் மண்ணை எடுத்துவந்து தண்ணீரில் கரைத்து, தெளிவை இறுத்து வாயில் விட்டார்கள். குடித்தார், கிடந்தார். தங்கத்தை உரைத்து விட்டார்கள், குடித்தார், கிடந்தார். சொந்தக்காரர்கள் முறைவைத்துப் பால் ஊற்றினார்கள், ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். கடைப் பையன்கள் முற்றத்துத் தென்னையில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, கொடையில் முதலில் போடுகிற சாமி பாட்டைப் போட்டார்கள். மற்ற கட்டில்களில் கிடந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள், ஒரு கிழவர் அடுத்த பாட்டு சினிமா பாட்டாக இருக்கட்டும் என்றார், சேர்மதுரையின் புருவம்கூட அசையவில்லை.

மகன்தான் பாக்கி என்றார்கள். குவைத்தில் இருந்து லிங்கதுரை வந்தான். அப்பா என்று காலில் விழுந்து அழுதான், பால் ஊற்றினான், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நாளெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். லீவு கரையக் கரைய அவன் செல்போனை எடுத்து எடுத்துத் தேதியைப் பார்த்தான். புறப்படுகிற அன்று பெட்டியோடு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"தங்கச்சி, பாத்துக்கிடு," என்றான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்லன்னா, நான் இருக்கும்போதே..." என்று தொடங்கி, முடிக்காமல் நின்றான்.

கொள்ளி வைக்க வேண்டியவன் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடு என்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான், கை கையிலேயே இருந்தது.

புரட்டாசியில் சேர்மதுரையின் முதுகில் புண் வைத்தது. புரட்டிப் போட்டுத் துடைக்கும்போது அவர் முனகுவது அந்தக் கையின் வழியாக அவளுக்குள் ஏறியது. உயிரைப் பிடித்திருக்கிறாள் என்று வெளியில் சொன்னார்கள், தான் பிடித்து வைத்திருப்பது அவர் வலியை என்று அவளுக்குத் தோன்றியது. சில நாள் அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது, சில நாள் சொந்த அப்பாவிடம் வருகிற பிரியம் வந்தது, இரண்டும் வந்த நாளில் மாடத்தி ஊட்டிய சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் ரெஜினா சிஸ்டர் மருந்து கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனி உன் இஷ்டம்மா. எடுத்தா யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

பிரம்மசக்தி கண்ணை மூடிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். எல்லா விரலும் விரிந்து போயிற்று. கை விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், ஒலிபெருக்கி கட்டக் கம்பம் ஏறி ஏறிக் காய்த்துப்போன சேர்மதுரையின் விரல்கள்தான் அவள் கையைச் சுற்றி இறுகியிருந்தன. இத்தனை நாளும் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று அவளும் பார்க்கவில்லை, ஊரும் பார்க்கவில்லை.

"பெரியம்மா," என்று கூப்பிட்டாள். "நான் பிடிக்கல. பெரியப்பாதான் பிடிச்சிருக்காவ."

தங்கபுஷ்பம் எழுந்து வந்து பார்த்தாள். மண்ணைக் கரைத்தவர்கள், தங்கத்தை உரைத்தவர்கள், பாட்டுப் போட்டவர்கள் எல்லாரும் அவருக்கு என்ன ஆசை என்று தங்களுக்குள்தான் கேட்டுக்கொண்டார்களே தவிர அவரைக் கேட்கவில்லை. தங்கபுஷ்பம் அவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, எதுக்கு இந்தப் பிள்ளையப் பிடிச்சு வச்சிருக்கீய?"

வெகுநேரம் கழித்து உதடு அசைந்தது.

"அது நடுங்குதுல்லா. பயந்த பிள்ள. கொஞ்சம் அடங்கட்டும்னு பாக்கேன்."

பிரம்மசக்தி அவர் முகத்தருகே குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல பெரியப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.

"கை அப்படிச் சொல்லலியே," என்றார் அவர், அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

இப்போது எல்லாரும் அவள் நடுக்கத்தை நிறுத்தக் கிளம்பினார்கள். ரெஜினா சிஸ்டர் வெந்நீர்ப் பை கொடுத்தார். மாடத்தி அம்மன் கோயில் துன்னூறு பூசி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினாள். கோமதிநாயகம் உள்ளே வந்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார், சொல்லிக்கொடுக்கும்போது அவர் கையும் நடுங்கியது. எதுவும் ஆகவில்லை. எப்படி ஆகும்? நடுக்கம் நின்றால் அவர் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும், அதை நினைத்தால் இன்னும் நடுங்கியது, நடுங்க நடுங்க அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். நிறுத்து தாயி, நிறுத்து தாயி என்று சுற்றி நின்று கெஞ்சினார்கள். என்னால முடியல என்று அவள் வாய்விட்டு அழுதாள், அவளை என்ன செய்வதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் நின்றது, டீக்கடையைப் பிரித்தார்கள், வகுப்பு வேப்பமரத்துக் கட்டடத்துக்கே திரும்பிப் போனது. புண் எலும்பைத் தொட்டது. ஒரு சாயங்காலம் துடைத்துவிட்டபோது அவர் முனகக்கூட இல்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. தங்கபுஷ்பம் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள், கையைக் கழுவினாள், கால்மாட்டுக்குப் போகவில்லை.

கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து பிரம்மசக்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த கட்டில்காரர்கள் பார்த்தார்கள், மாடத்தி பார்த்தாள், மருந்துத் தட்டோடு நின்ற ரெஜினா சிஸ்டர் பார்த்தார். யாருக்கும் கொடுக்காமல் பிள்ளை வைத்திருந்த அந்த இடது கையைத் தங்கபுஷ்பம் எடுத்தாள். கைபிடித்துப் பழக்கம் இல்லாதவள், ஆகையால் எப்படிப் பிடிப்பதென்று கொஞ்சம் தடுமாறி, கடைசியில் விரலுக்குள் விரலைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாத தாயி," என்றாள். "நான் இருக்கேன்."

பிள்ளையைப் பார்த்துச் சொல்லவில்லை, புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தான் செய்வது இன்னதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிரம்மசக்திக்கும் தெரிந்தது. வேண்டாம் பெரியம்மா என்று கையை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. இழுத்து ஓய்ந்த கைக்குள் அந்தச் சூடு மெல்ல இறங்கியது. அப்பா செத்த அன்று அடுத்த வீட்டில் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவள் கையை யாரும் அப்படிப் பிடித்துக்கொள்ளவில்லை. தோளில் நடுக்கம் நின்றது, முழங்கையில் நின்றது. நடுக்கம் போய்விடக் கூடாதே என்று அவள் வேண்டுமென்றே நடுங்கிப் பார்த்தாள், பொய் நடுக்கம் கைக்கு வரவில்லை. மணிக்கட்டில் நின்றது. விரல்களிலும் நின்றது.

சேர்மதுரை கண்ணைத் திறக்கவில்லை. கம்பத்திலிருந்து பத்திரமாக இறங்கிவந்த பையனைத் தட்டுகிற மாதிரி அவள் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவராகவே கையை விட்டார்.

ஓட்டின்மேல் மழைச்சத்தம் மட்டும் கேட்டது. ரெஜினா சிஸ்டர் நாடியைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடினார். மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். லிங்கதுரைக்குப் போன் போட ஆள் போனது. பிரம்மசக்தியின் வலது கை, வெளுத்துச் சுருங்கி, மெத்தைமேல் சும்மா கிடந்தது. சேதி கேட்டுக் கல்லூரி பஸ் வாசலில் வந்து நின்றது, கோமதிநாயகம் குடை பிடித்துக்கொண்டு படியில் நின்று, உள்ளே வராமல், ஹாரனை அடிக்கச் சொன்னார்.

"எந்திட்டி," என்றாள் மாடத்தி. "போவலாம்."

அவள் எழுந்தாள். பாதி எழுந்தவளை இடது கை எழவிடவில்லை. திரும்பிப் பார்த்தாள். தங்கபுஷ்பம் அழவில்லை, போர்வையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் கோத்திருந்த அவள் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பிரம்மசக்தி திரும்ப உட்கார்ந்தாள்.

"பஸ் போவட்டும்மா," என்றாள்.